டிரைவருக்குத் தமிழ் தெரியாது

புதிதாகக் கவுன்சலர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ரிட்டயர் ஆனவளைப் பேசச் சொல்வது சுலபம், நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு மாலையைப் பற்றித்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதே நடுவில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டு வந்தேன்.

நான் லேக் மார்க்கெட் தமிழ்க்காரி. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் கல்கத்தாவில். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கவுன்சலராக ரொம்ப காலம் இருந்தேன். கடைசிச் சில வருடங்கள் வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உங்களைப்போலவே ஆன்லைனில் ஆட்களோடு பேசினேன். வந்தவர்களுக்குப் பெரிய வியாதி எதுவும் கிடையாது. மேனேஜரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அம்மாவிடம் 'முடியாது' என்று சொல்ல வராது, காரணமே இல்லாமல் அழுகை வரும். இந்த ஊர்க்காரர்கள் அதை 'மொன் காராப்' என்று, ஜலதோஷம் என்று சொல்வதுபோல, வெட்கமில்லாமல் சொல்லிவிடுவார்கள். நம் வீடுகளில் மனசு சரியில்லை என்று சொன்னால், 'உனக்கு என்ன குறைச்சல்?' என்று திருப்பிக் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்கள்தான் என்னிடம் வந்தார்கள்.

எந்த செஷனையும் நான் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பேன். "இப்ப உங்க கூட யார் இருக்காங்க?" நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிவது சதுரமான ஒரு முகம் மட்டுமே. அந்தச் சதுரத்துக்கு வெளியே மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கலாம். குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமிலிருந்து பேசியவர்கள் உண்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பேசிய வங்கி அதிகாரி ஒருவர் உண்டு. அவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு காக்கை எட்டிப் பார்க்கும்.

கல்கத்தாத் தமிழர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வெளியே போனால் எங்களுக்கு ரகசிய பாஷை தமிழ். கடைக்காரர் முகத்துக்கு நேரே 'ரொம்பச் சொல்றான், அடுத்த கடைக்குப் போலாம்' என்போம். மெட்ரோவில் எதிர் சீட்டுக்காரரின் விக்கைப் பற்றி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசுவோம். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். எல்லாருக்கும் தமிழும் தெரியும், பெங்காலியும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். ரகசியம் பேச ஒரு பாஷை மிச்சமிருக்காது. அதனால் மனதிலுள்ளதைப் பேச வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ரகுவும் அப்படி வந்தவர்தான். பெயரை மாற்றியிருக்கிறேன். இதை உங்களிடம் சொல்லலாம் என்று அவரே சம்மதம் தந்திருக்கிறார். கிடர்பூரில் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களை கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. வீடு பாலிகஞ்சில். அப்பா, அம்மா, மனைவி வித்யா, இவர். அம்மாவுக்குப் பாம்புச் செவி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆபீஸிலோ கண்ணாடித் தடுப்புகள்தான், அறைகள் கிடையாது. அதனால் ஒரு மஞ்சள் டாக்ஸியை வாடிக்கையாக ஏற்பாடு செய்துகொண்டார். செஷன் இருக்கும் நாட்களில் ரத்தன் என்ற டிரைவர் கிடர்பூரில் அவரை ஏற்றிக்கொண்டு பாலிகஞ்சில் இறக்கிவிடுவார். ரகு அவரைப் பெங்காலி வழக்கப்படி 'ரத்தன்தா', அதாவது ரத்தன் அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். மற்றபடி பஸ்தான். அந்தப் பயண நேரம் முழுக்க ரகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என்னோடு பேசுவார்.

"கூட யார் இருக்காங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"டிரைவர் மட்டும்தான் மேடம். ரத்தன்தாவுக்கு பெங்காலியும் ஹிந்தியும்தான் தெரியும். நம்ம பேசறது தமிழா தெலுங்கான்னுகூடத் தெரியாது."

நான் அரை மனதாகத்தான் சரி என்றேன். அந்த டாக்ஸியை விட்டால் அவருக்கு வேறு இடமில்லை.

ரகுவின் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வருடக்கணக்காகக் குழந்தை இல்லாமல், வித்யா ஊசியும் மாத்திரையுமாக அவதிப்பட்டு, கடைசியில் உண்டாகியிருந்தாள். வீடு முழுக்கக் கொண்டாட்டம். ரகுவுக்கு மட்டும் பயம். ஸ்கேன் எடுத்த அன்று ஆரம்பித்தது. "கஸ்டம்ஸ்ல கண்டெய்னரை மடக்குவாங்க, கத்துவாங்க, எனக்குக் கை நடுங்காது மேடம். ஸ்கிரீன்ல அது கையை ஆட்டினதைப் பாத்ததும் நடுங்க ஆரம்பிச்சுது" என்றார். அன்றிலிருந்து வேலை வேலை என்று ஆபீஸிலேயே நேரத்தைக் கழித்தார். தொட்டில் வாங்கப் போகும் நாளில் கப்பல் வந்துவிடும். டாக்டரிடம் போகும் நாளில் கஸ்டம்ஸில் கூப்பிட்டுவிடுவார்கள். இத்தனை தவமிருந்து பெற்ற சந்தோஷத்தில் இருப்பவளிடம் போய் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் சிரிக்கும்போது தனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையே, தான் மனுஷன்தானா என்று என்னிடம் கேட்டார். பயப்படாத தகப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னேன். என்னிடம் தலையாட்டுவார். வீட்டுக்குப் போனால் வாய் பூட்டிக்கொள்ளும்.

இப்போது என் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். நான் பரபரப்புக்காரி. கிரிக்கெட் மேட்சைக்கூட உட்கார்ந்து பார்க்க மாட்டேன். எதிரில் ஒருவர் தடுமாறினால் வார்த்தையை எடுத்துக் கொடுக்க நாக்கு துடிக்கும். நம் தொழிலுக்கு இதைவிடப் பொருந்தாத சுபாவம் கிடையாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். செஷனில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். பேசத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். வாயில் தண்ணீர் இருக்கும்போது யாராலும் புத்தி சொல்ல முடியாது. அன்று மாலை அந்த டம்ளர் எனக்குப் போதவில்லை.

வளைகாப்பு முடிந்து, வித்யா பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குக் கிளம்பும் நாள் அது. அவள் கரக்பூர் பெண். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரே மகளை அழைத்துப் போக வந்திருந்தார். ரகு டாக்ஸியில் ஏறியதும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ரத்தன்தாதான், வேற யாரு" என்றார். குரல் செத்துப்போயிருந்தது. "வித்யா கிளம்பிட்டா மேடம். இந்நேரம் ஹௌரா போயிருப்பாங்க. சாயங்கால வண்டி."

"நீங்க வழியனுப்பப் போகலையா?"

"ஷிப் வந்திருக்குன்னு சொன்னேன்."

"வந்திருக்கா?"

"இல்ல."

நான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அவர் தானாகவே தொடர்ந்தார்.

"நேத்திக்குப் பெட்டியில துணி அடுக்கிட்டே கேட்டா. 'உங்களுக்கு இந்தக் குழந்தை வேண்டாமா? வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லுங்க'ன்னு. நான் டிவி ரிமோட்டைத் தேடிட்டிருந்தேன் மேடம். டிவி போடக்கூட இல்ல, சும்மா தேடினேன். 'இதுக்குப் பதில் வர்ற வரைக்கும் நான் கல்கத்தாவுக்குத் திரும்பி வரமாட்டேன், குழந்தையையும் கொண்டுவர மாட்டேன்'னுட்டா. அழல. சத்தம் போடல. அவ சொன்னா சொன்னதுதான்."

"என்ன பதில் சொல்ல நினைச்சீங்க?"

"வேணும்னு. ரொம்ப வேணும்னு. ஆனா பயமா இருக்குன்னு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப உங்ககிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? இனிமே போனாலும் வண்டியைப் பிடிக்க முடியாது."

"பிடிச்சரலாமுங்ணா."

அந்தக் குரல் ரகுவுடையது அல்ல. முதலில் லைன் எங்கேயோ மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் யாரோ நடுவில் புகுந்துவிட்டாரோ என்று ஸ்கிரீனை முறைத்தேன். ரகுவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வாயைத் திறந்தபடி முன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செகண்ட் பிரிட்ஜ் வழியாப் போனாப் பிடிச்சரலாமுங்ணா" என்றது முன் சீட்டு மறுபடியும். அப்புறம்தான் ரத்தனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். வண்டி ஓரமாக நின்றது. ரகுவின் கையிலிருந்து போன் மடியில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது டாக்ஸியின் கூரை மட்டும். ஆனால் பேச்செல்லாம் காதில் விழுந்தது.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" ரகுவின் குரல் கிறீச்சிட்டது.

"தெரியுமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில ரொம்ப வருசம் இருந்தேனுங்க."

"அப்போ இத்தனை நாளா நான் பேசினது?"

ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டது. அலிப்பூர் மிருகக்காட்சிசாலை மதிலோரம் வண்டி நின்றிருந்ததாக ரகு பிறகு சொன்னார்.

உங்களில் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒருவர் யாருக்கும் சொல்லாத பயத்தையெல்லாம் மூன்றாவது மனிதர் ஒருவர் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விதிப்படி செஷனை நிறுத்தியிருக்கலாம். ஆனால் இயர்போனில் இருக்கும் நானும் அந்த நிமிடத்தில் மறைந்துவிட்டால், ரகு அந்த அவமானத்தோடு தனியாக அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பார். அதனால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"ரகு, நான் இருக்கேன். நிறுத்தணும்னா சொல்லுங்க, இப்பவே நிறுத்திடலாம். வேற டாக்ஸி பிடிச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க, காத்திருக்கேன்."

அவர் ரத்தனிடம்தான் பேசினார். குரலில் கோபம்.

"ஏன் சொல்லல ரத்தன்தா? முதல் நாளே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணுமுங்க" என்றார் ரத்தன். "முதல் நாள் நீங்க ரொம்ப வருத்தமாப் பேசிட்டிருந்தீங்க. நடுவுல பூந்து எப்படிங்க சொல்றது? அன்னைக்குச் சொல்லலைங்களா, அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க. நாளாக நாளாக, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்களேன்னு அதுவே பயமாப் போச்சு. உங்க மேல மரியாதை இல்லாம இல்லீங்ணா."

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ரகுவின் கதையை ரகுவிடமே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல். முதல் நாள் சொல்லவில்லை, அதனால் மறுநாள் சொல்ல முடியவில்லை, அதனால் எப்போதும் சொல்ல முடியவில்லை. 'ரகு, கேட்டீங்களா, இதைத்தானே நீங்களும் வித்யாகிட்ட பண்ணிட்டிருக்கீங்க' என்ற வாக்கியம் முழுசாக என் வாயில் வந்து நின்றது. எவ்வளவு அழகாக இருந்திருக்கும். எவ்வளவு கெட்டிக்காரியாக நான் தெரிந்திருப்பேன். டம்ளரைத் தூக்கி மடமடவென்று பாதியைக் குடித்தேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். கண்டுபிடித்த சந்தோஷம் நமக்கு வந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தை எதிரில் இருப்பவரிடமிருந்து பறித்துக்கொள்ள நமக்கு அரை நிமிடம் போதும். நான் அதைச் சொல்லியிருந்தால் ரகு, 'ஆமாம் மேடம்' என்று தலையாட்டியிருப்பார். அதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை எனக்குத் தலையாட்டியவர்தான். அந்தத் தலையாட்டலை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் ஒன்றும் செய்ததில்லை. அதனால் கூரையைப் பார்த்துக்கொண்டு வாயில் தண்ணீரோடு நின்றேன். ஒரு பஸ் போனது. யாரோ ரத்தனை வண்டியை எடுக்கச் சொல்லிப் பெங்காலியில் திட்டினார்கள்.

அப்புறம் ரகு சிரித்தார். முதலில் அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்புதான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சிரிப்பு.

"மேடம், கேட்டீங்களா? என்னைப் பத்தி யாரோ இவர்கிட்டச் சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு." பிறகு ரத்தனிடம் கோபமில்லாமல் கேட்டார். "ரத்தன்தா, நிஜமாவே பிடிக்கலாமா?"

"போலாமுங்ணா."

இஞ்சின் உறுமியது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் அங்கே மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் ஜுரம் மாதிரி உற்சாகம். இதில் எது ரகுவுடைய உற்சாகம், எது என்னுடையது, எது ரத்தனுடையது? நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதரை ரயில்வே ஸ்டேஷனுக்குத் துரத்திக்கொண்டு போகிறோமா? சினிமாவில் ஹீரோ ஓடி வருவான், வண்டி நகரும், கை நீட்டுவான். ரகு அதற்குத்தான் கிளம்புகிறார் என்றால், வண்டி போய்விட்டிருந்தால் 'விதி அவ்வளவுதான்' என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவருக்கு இன்னொரு கப்பல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

"ரகு, ஒரே ஒரு கேள்வி" என்றேன். "நீங்க போறதுக்குள்ள வண்டி கிளம்பியிருந்தா?"

போனைக் கையில் எடுத்தார். முகம் மறுபடி ஸ்கிரீனுக்கு வந்தது. யோசித்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அடுத்த வண்டியில போவேன்" என்றார்.

அதற்குமேல் நான் கேட்க ஒன்றுமில்லை. டாக்ஸி திரும்பியது. நதி மேலுள்ள அந்தப் பாலத்தில் ஏறியதும் காற்று பாதிப் பேச்சை அடித்துக்கொண்டு போனது. அத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்த ரத்தனுக்கு இப்போது தடையே இல்லை. "அண்ணா, அக்காகிட்ட எடுத்ததுமே என்ன சொல்லோணும்னா" என்று ஆரம்பித்தார். "ரத்தன்தா, நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் ரகு. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ரகு இயர்போனில் அதைக் கேட்டு அவரும் சிரித்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, அந்தச் சிரிப்பு. நதி பின்னால் போனது. இந்த வேலைக்கு வந்ததற்காக அன்று நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

ஹௌரா ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஊர்ந்தது. ரகு கதவைத் திறக்கும் முன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மேடம், கட் பண்ணாதீங்க. ஒரு காதுல மட்டும் மாட்டிக்கறேன், தலைமுடியில மறைஞ்சிடும். நான் அவகிட்டப் பேசும்போது தடுமாறினா நீங்க எடுத்துக் குடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதைவிடப் பெரிய ஆசை வேறு எதுவும் இருந்திருக்காது. என்ன நடக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். அவர் வார்த்தை தேடும்போது சரியான வார்த்தையைக் காதில் போட வேண்டும். டம்ளரைத் தூக்கினேன். காலி.

"வேண்டாம் ரகு. இயர்போனைக் கழட்டிப் பையில போடுங்க."

"மேடம்?"

"நான் கட் பண்ணப்போறேன்."

அவர் முகம் விழுந்தது. "நீங்களும் போறீங்களா?"

அது எனக்கு நன்றாக வலித்தது. இப்போதும் வலிக்கிறது. ஆனால் நான் காதில் இருந்தால் வித்யாவின் எதிரில் நிற்பவர் பாதி ரகுதான். மறைத்து மறைத்துப் பேசிப் பழகிய மனிதர், கடைசியில் அவளிடம் பேசும்போதும் காதுக்குள் ஒருத்தியை மறைத்து வைத்துக்கொண்டா பேசுவது?

"வேணும், ரொம்ப வேணும், பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொன்னீங்களே ரகு. அதுல ஒரு வார்த்தைகூட நான் எடுத்துக் குடுத்தது இல்ல. தடுமாறினா தடுமாறுங்க. அவங்க பாக்கட்டும்."

அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஸ்கிரீனில் என் முகம் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. என் வீட்டுக்காரர், "என்ன ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார். சொல்லக் கூடாது, தெரியுமல்லவா. லேக் மார்க்கெட்டுக்கு இறங்கிப்போய் ஒரு வாழைப்பூ வாங்கி வந்து, அதை ஆய்வதில் கையை அடக்கி வைத்தேன். ரகுவைக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அவர் உயிருக்கு ஆபத்து என்றால் வேறு. மனசுக்குள் குறுகுறுப்பு என்பதற்காக நாம் ஒருவரைக் கூப்பிட முடியாது. அடுத்த செஷன் நாள் வந்தது. 'இந்த வாரம் வேண்டாம் மேடம்' என்று ஒரு வரி மட்டும் வந்தது. ஏன் என்று இல்லை. போய்விட்டது, எல்லாம் கெட்டுவிட்டது, காதில் இருந்திருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன்.

அதற்கடுத்த வாரம் ரகு வந்தார். ஸ்கிரீனில் டாக்ஸி இல்லை. பின்னால் நீலச் சுவர், ஒரு காலண்டர், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி. அவர் வாயைத் திறக்கும் முன்பே நான், "என்ன ஆச்சு ரகு?" என்று கேட்டுவிட்டேன். நாற்காலி நுனியில் இருந்தேன். டம்ளர் சமையலறையில் இருந்தது.

"வண்டி போயிடுச்சு மேடம்" என்றார். "நான் பிளாட்பாரத்துக்குள்ள போறேன், அதோட கடைசிப் பெட்டி வெளிய போகுது. ரத்தன்தா வண்டியை எங்கேயோ விட்டுட்டுப் பின்னாடியே ஓடி வந்திருக்கார். 'தினம் லேட்டாப் போற வண்டி, இன்னிக்கா நேரத்துக்குப் போகணும்'னு அவருக்குத்தான் கோபம்."

"அப்புறம்?"

"உங்ககிட்டச் சொன்னேனே. அடுத்த வண்டி."

லோக்கலில் நின்றுகொண்டே போயிருக்கிறார். காதில் யாருமில்லை. மாற்றுத் துணிகூட இல்லாமல் கரக்பூரில் போய் இறங்கியிருக்கிறார். கதவைத் திறந்த மாமனார், "ஷிப் வந்திருக்குன்னு சொன்னீங்களே" என்றாராம். "வரலை மாமா, பொய் சொன்னேன்" என்றாராம் இவர். வித்யா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தனியாகப் பேச வேண்டும் என்று ரகு கண்ணைக் காட்டியும் அவள் எழுந்திருக்கவில்லை. "எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க" என்றிருக்கிறாள். மாமனார் நின்றபடி, மாமியார் கையில் கரண்டியோடு. அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். ரகு தடுமாறி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, அந்த மூன்றையும் சொல்லியிருக்கிறார்.

"அவ என்ன சொன்னா தெரியுமா மேடம்? 'ஏன் முதல் நாளே சொல்லல?'ன்னு கேட்டா. அப்படியே நான் ரத்தன்தாவைக் கேட்ட மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரத்தன்தா சொன்னதையேதான் சொன்னேன். வேற எதுவும் வாயில வரல. முதல் நாள் சொல்லல, அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு அவ, 'எனக்கு மட்டும் பயமில்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது? எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்கும்போது நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?'ன்னு கேட்டா மேடம். ஷிப் பொய்க்கு மட்டும் இன்னும் மன்னிக்கல. அதுக்காகத்தான் போன வாரம் லீவு போட்டு இங்க கரக்பூர்லயே இருந்தேன். இந்த வாரம் சனிக்கிழமையே இங்க வந்துட்டேன். தொட்டில் பாத்தோம்."

நான் அழுதுவிட்டேன். ஸ்கிரீனில் ஆலோசகர் அழலாமா என்று பயிற்சியில் உங்களுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்கள். எனக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகுதான், இத்தனை வருடத்தில் ஒருநாளும் விடாத என் முதல் கேள்வியை இன்னும் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. நீலச் சுவருக்கு இந்தப்பக்கம் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அவசரமாகக் குரலைத் தாழ்த்தினேன்.

"ரகு, இப்ப உங்க கூட யார் இருக்காங்க?"

அவர் ஸ்கிரீனுக்கு வெளியே ஒரு சுற்றுப் பார்த்தார். காதைத் தொட்டுக் காட்டினார். இயர்போன் இல்லை. நான் பேசியதெல்லாம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

"எல்லாரும் இருக்காங்க மேடம்" என்றார். "நீங்க பேசுங்க."